எனக்காக எழுந்து நின்ற அறை

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். மன்னார்குடிப் பக்கத்து வயல்களில் நடவு, களையெடுப்பு என்று குனிந்தே பழகிய உடம்பு. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போக நினைத்தபோதுதான் அந்தச் சட்டம் தெரிந்தது. பத்தாவது தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசாங்கத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டுமாம். படிக்காதவர்களை ஏமாற்றிக் கூட்டிப்போய்த் தவிக்க விடுகிறார்கள் என்பதற்காக வந்த சட்டம். எனக்கோ எரிச்சலாக இருந்தது.

"டூரிஸ்ட் விசாவுல ஏத்தி விட்டுடறேங்க. மத்ததை அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார் ஏஜென்ட்.

"அங்க பாத்துக்க எனக்கு யாரு இருக்கா? நான் பத்தாவது பரீட்சையே எழுதிக்கிறேன்" என்று வந்துவிட்டேன்.

நாற்பது வயதில், கஞ்சி போட்ட காட்டன் புடவையில் தனித்தேர்வர்களுக்கான தேர்வு அறைக்குள் நுழைந்தேன். உள்ளே இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் சடாரென்று எழுந்தார்கள்.

"குட் மார்னிங் மிஸ்!"

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாருமில்லை. அதுவரை எனக்காக ஒருவரும் எழுந்து நின்றதில்லை.

"உக்காருங்க பிள்ளைங்களா" என்று சொல்லிவிட்டு, கடைசி பெஞ்சில் போய் நானும் உட்கார்ந்தேன். அறையே சிரித்தது.

பக்கத்தில் இருந்த பெண் கேட்டாள்: "எந்தப் பாடத்துலக்கா ஃபெயிலு?"

"இன்னும் எதுலயும் இல்ல" என்றேன்.

தேறினேன். போகலாம் என்று ஆன பிறகுதான், போகாமலும் இருக்கலாம் என்பது எனக்குப் புரிந்தது.

போன வாரம் ஏஜென்ட் போன் செய்தார். "எப்பங்க கிளம்புறீங்க?"

"பன்னண்டாவது எழுதிட்டுச் சொல்றேங்க."