சந்தனம் காயாத ஸ்பேனர்

அறுபதுகளின் தொடக்கத்தில், கோவில்பட்டியில், கிணறு தோண்டும் இலாகா ஒன்றின் பட்டறைக்கு நான் மேற்பார்வையாளனாக இருந்தபோது நடந்தது இது. யுத்தம் முடிந்து ஏலத்தில் வந்த பட்டாள லாரி ஒன்று எங்களிடம் இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கும். மழை பெய்து கரிசல் குழைந்துவிட்டால் எப்போதும்வென்றான் என்ற ஊரின் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டுவண்டிகூடப் போகாது, அது போகும்.

முன் அச்சைப் பராமரிக்கும் முறை எனக்கு மனப்பாடம். சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைக் கழற்றி, அதனுள் சக்கரத்தைச் சுழலவிடும் பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, உருளைகளுக்கு நடுவே புதுக் கிரீஸை உள்ளங்கையால் அழுத்தி ஏற்றி, நட்டை இறுக்கி, சற்றே தளர்த்திப் பூட்ட வேண்டும். முக்கியமாக, ஓடி வந்த சூட்டோடு தண்ணீரில் இறக்கக் கூடாது. குளிரும்போது ஹப் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். டிரைவர் இதையெல்லாம் பணிவாகக் கேட்டுக்கொள்வார். பிறகு நேரே போய் லாரியைக் கண்மாயில் இறக்கிக் குளிப்பாட்டுவார்.

"உழுதுட்டு வந்த மாட்டைக் குளிப்பாட்ட மாட்டியளா சார்?"

"மாட்டுக்குப் பேரிங் கிடையாதே அண்ணாச்சி."

"அதாம் அது ரிப்பேர் ஆவ மாட்டேங்கு."

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் முன்சக்கரம் ஒன்று முனகத் தொடங்கியது. விடிந்ததும் கழற்றிவிடலாம் என்று வந்து பார்த்தால் ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு சாமி படத்தின் முன் வரிசையாக இருந்தன. மறுநாள் விஜயதசமிப் பூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. நல்ல நாளில் வம்பு வேண்டாம் என்றார் அதிகாரி. ஆயுதங்களுக்கு ஓய்வு, லாரிக்கு மாலை.

பிற்பகலில், மழையில் நனைந்து ஒரு விவசாயி ஓடிவந்தார்.

"பொண்டாட்டிக்கு நேத்துலேருந்து வலி சார். மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. எந்த வண்டியும் எங்க ஊருக்கு வர மாட்டேங்கு."

டிரைவர் பூஜையிலிருந்த சாமான்களை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு லாரியில் போட்டார். அதிகாரியைக் கேட்காமல் நானும் ஏறிக்கொண்டேன்.

போகும்போது சக்கரம் முனகியதோடு சரி. அந்தப் பெண்ணைக் கயிற்றுக் கட்டிலோடு பின்னால் ஏற்றினோம். திரும்பும் வழியில், தூரத்தில் தார் ரோடு தெரியும் நேரத்தில், சக்கரம் ஒரு அலறல் அலறி இறுகிக்கொண்டது.

ஜாக்கி வைத்தோம். லாரி உயரவில்லை, ஜாக்கிதான் மண்ணுக்குள் போனது. பின்பலகையைக் கழற்றி அதற்கு அடியில் கொடுத்துத் தூக்கினோம். ஹப்பைத் திறந்தால், கிரீஸ் இருக்க வேண்டிய இடத்திலிருந்து பால் விட்ட காப்பி மாதிரி ஒன்று வழிந்தது. உருளைகள் நொறுங்கிக் கிடந்தன. என் கையிலிருந்த ஸ்பேனரில் சந்தனம் இன்னும் காயவில்லை. அடுத்த விதிமுறையும் எனக்குத் தெரியும்: புதிய பேரிங்கைப் பொருத்த வேண்டும். அது கோவில்பட்டியில் இருந்தது.

கட்டிலை இறக்கி, கணவர், அவர் தம்பி, டிரைவர், நான் என்று நாலு பேரும் தோளில் வைத்துக்கொண்டோம். எடுத்து வைத்த ஒவ்வொரு காலையும் கரிசல் பிடித்து இழுத்தது.

"வண்டி நின்னுட்டா அண்ணாச்சி?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல தாயி, இந்தா ரோடு வந்துட்டு" என்றார் டிரைவர். ரோடு வரவில்லை.

வந்தபோது வலி நின்றுபோயிருந்தது. பஸ்ஸை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தாய் பிழைத்தாள். குழந்தை அழவே இல்லை.

சில நாள் கழித்து அந்த விவசாயி பட்டறைக்கு வந்தார், திட்டுவதற்கல்ல. "நீங்க வரலைன்னா இவளும் போயிருப்பா அண்ணாச்சி" என்று டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்போம். அதன்பின் டிரைவர் லாரியைக் கழுவவே இல்லை; சேறு அதன்மேல் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நான் ஹப்பை முறைப்படி சரிசெய்து பூட்டினேன். சக்கரம் சத்தமே இல்லாமல் சுழன்றது, யாருக்கும் பயனில்லாமல்.

ஓய்வு பெற்ற பிறகும், பஸ் நிற்கும் இடங்களில் இறங்கி முன்சக்கரத்தின் ஹப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். சூடு இல்லாவிட்டாலும் நம்பிக்கை வருவதில்லை. உள்ளே புகுந்துவிட்ட தண்ணீரை வெளியே தொடும் கை அறியாது என்பதை அந்த நாளுக்குப் பிறகு என்னால் மறக்க முடியவில்லை.