பொம்மைக்கு வைத்திருந்த கஞ்சி

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பிள்ளைகளெல்லாம் கோணிச் சட்டையில் திரிந்தோம். பட்டு உடுத்தியிருந்தது ஒரு பொம்மைதான். ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் மகள் விட்டுப்போனது. பங்களாவில் ஆயாவாக இருந்த அம்மாதான் முன்பு அதற்கும் துவைத்துத் தேய்த்தவள்.

பங்களாவில் குடியேறிய ஜப்பானிய அதிகாரிக்கு அதைத் தன் மகளுக்கு அனுப்ப ஆசை. அதன் பூஞ்சை பிடித்த நீலப் பட்டுக் கவுனோடு, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நாளைக்கிக் காலையில புதுசாட்டம் குடுத்துரு. அவன் மனசு குளுந்தா, சயாம் போற ஆளுங்கள்ல ஒம் புருசன் பேர எடுக்கச் சொல்லிக் கேக்குறேன்."

சயாமில் ரயில் பாதை போடப் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை என்பது பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குச் சயாம் என்றால், சண்டைக்கு முன் நாங்கள் சாப்பிட்ட அரிசி வந்த ஊர். அவ்வளவுதான்.

அம்மா சாம்பல் சோப்பைத் தொடவில்லை. பட்டு வெந்துபோகுமாம். பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல் பழைய வேட்டியில் சுருட்டி ஈரம் வாங்கினாள். புடைத்து நிற்க வேண்டிய கைகளுக்குள் இலவம்பஞ்சு அடைத்தாள். இடுப்பு மடிப்புகளை ஒவ்வொன்றாக நகத்தால் நீவினாள். என் தலையை ஒருநாளும் அவ்வளவு பொறுமையாக வாரியதில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

ஒளித்து வைத்திருந்த கடைசிக் கைப்பிடி அரிசியைக் குழைய வேகவைத்து, துணியில் பிழிந்து கஞ்சி எடுத்தாள். பித்தளைச் சொம்பில் தணல் போட்டுத்தான் தேய்ப்பாள்.

"பொம்மைக்கி வச்சிருக்கேன், தொடாத" என்றுவிட்டுத் தணல் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

மாதக்கணக்காக மரவள்ளிக்கிழங்கு தின்ற வாய் என்னுடையது. பொம்மைக்கு எதற்குக் கஞ்சி? ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சட்டியையும் வழித்து நக்கினேன்.

திரும்பி வந்தவள் சட்டியைப் பார்த்தாள். நான் முதுகைக் குறுக்கிக்கொண்டேன். அடி விழவில்லை.

"வயிறு நெறஞ்சிச்சா?"

தலையாட்டினேன்.

மரவள்ளி மாவைக் காய்ச்சிப் போட்டுப் பார்த்தாள். தேய்க்கத் தேய்க்க நீலத்தில் திட்டுத் திட்டாக வெள்ளை பூத்தது. மறுநாள் கிராணியார் கவுனைப் புரட்டிப் பார்த்து, "என்னம்மா, இப்பிடிப் பண்ணிட்டியே" என்றார். அம்மா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

நன்றாக வந்திருந்தாலும் பெயரை எடுத்திருப்பார்களா? தெரியாது. இத்தனை வயதிலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அந்த வாரமே அப்பா லாரி ஏறினார். நான் பின்னாலேயே ஓடிப்போய்ச் சந்தோஷமாகக் கத்தினேன்:

"அப்பா, வரும்போது அரிசி கொண்டாங்க!"