வெட்டிச் செருகிய கார்ட்

ஹட்டனில் நானும் என் கூட்டாளியும் கம்ப்யூட்டர் திருத்தும் கடை நடத்தினோம். தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்தில் பிறந்தவர்கள். இயந்திரத்தைத் திறந்தவர், மூடிக்குள் தன் கையெழுத்துள்ள ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும் என்பது எங்கள் கடை வழக்கம். வேலை நெருக்கடியில் நான் ஒரு தாள் நிறைய முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு மேசை லாச்சியில் வைத்திருந்தேன். எனக்கு அது பெரிய கெட்டித்தனமாகப் பட்டது.

நோர்வூட் பக்கத்துத் தோட்டத்துப் பெக்டரி வேலை என்னுடையது. அங்கே தேயிலையைத் தரம் பிரிக்கும் மெஷினைப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஓட்டியது. அம்மா கொழுந்து பறிக்கும் தோட்டத்தில் என்னை "வாங்க" என்று கூப்பிட்டார்கள். அந்த மரியாதையை நான் விட்டுவிடுவேனா?

நான் காய்ச்சலில் கிடந்த வாரம் அந்தக் கம்ப்யூட்டரை மெஷினோடு இணைக்கும் கார்ட் பழுதாகிவிட, பெக்டரிப் பொறுப்பாளரான டீமேக்கர் இல்லாத நேரத்தில் கூட்டாளி போய் மாற்றினான். மூன்றாம் வாரம் மெஷின் நின்றுபோனது. இரண்டு பேரும் போனோம். நான்தான் மூடியைக் கழற்றினேன்.

அந்தப் பழைய சொக்கெட்டில் ஐந்து வோல்ட் சிக்னல் ஓடும். அவன் வைத்ததோ மூன்று சொச்சம் வோல்ட்டுக்கான கார்ட். மாறிச் செருகக் கூடாதென்றுதான் அதன் விளிம்பில் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். இவன் வாள் பிளேடால் இன்னொரு வெட்டுப் போட்டு அமுக்கியிருந்தான். கூடுதல் வோல்ட்டைச் சிப்புக்குள் இருக்கும் சின்ன டயோட்கள் அமுக்கிப் பிடிக்கும்தான். ஆனால் அவை எப்போதாவது துள்ளும் சிக்னலுக்கானவை. நாள் முழுக்கச் சுமக்க வைத்தால் என்ன செய்யும்? சிப் கருகி, மதர்போர்டும் போயிருந்தது.

மூடிக்குள், லாச்சியில் நான் வைத்திருந்த என் கையெழுத்து ஸ்டிக்கர்.

"தம்பி, இது ஒங்க கையெழுத்துதானே?" என்றார் டீமேக்கர்.

"ஆமாங்க. ஆனா கார்ட நான் போடலங்க. நான் காய்ச்சல்ல கெடந்தேன்."

அவர் கூட்டாளியைப் பார்த்தார். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"நான் அன்னைக்கே வேணாம்னு சொன்னேங்க. இவன்தான் கேக்கல."

கூடவே சாப்பிட்டு வளர்ந்தவன் என் கழுத்தை அறுக்கிறான். நான் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடி நிற்கிறேன். அதோடு பெக்டரி வேலை அவனுக்குப் போனது; கடையைப் பிரித்துக்கொண்டோம்.

போன மாதம் அந்தப் பெக்டரியிலிருந்து எனக்குப் போனில் கோல் எடுத்தான். "மச்சான், இதுக்கு எந்தக் கார்டுடா போடணும்?"

போனைக் கட் பண்ணப் போனேன். ஆனால் மெஷின் நின்றால் அம்மாவுக்கும் வேலை குறையும். ஐந்து வோல்ட்டைத் தாங்கும் கார்டின் இலக்கத்தைச் சொன்னேன். அவன் போனை வைக்க மறந்துவிட்டான்; டீமேக்கரிடம் பேசுவது கேட்டது.

"நான் சொன்னேன்லங்க ஐயா, இந்தக் கார்டுதான். அவனுக்கு இதெல்லாம் தெரியாது."