துக்கம் கேட்கப் போன ரயில்

போடிக்கு ரயில் மறுபடி வந்த பிறகுதான் என்னால் ஊரை விட்டு வெளியே போக முடிந்தது. அதற்கு முன் சில வருஷங்கள் நான் எந்த வண்டியிலும் ஏறவில்லை.

நானும் பக்கத்து வீட்டில் குடியிருந்தவளும் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தோம். அவள் பிறந்தது உசிலம்பட்டிப் பக்கம். புருஷன் இறந்த பிறகும் ஒரே மகளை வைத்துக்கொண்டு போடியிலேயே இருந்துவிட்டாள். விடியுமுன் ஜீப் வந்துவிடும். தூக்குச்சட்டியோடும் மழைத்தாளோடும் ஏறுவோம். போடிமெட்டைத் தாண்டி மலையாளத்துப் பக்கம் தோட்டம். அங்கே பகல் முழுக்கச் செடித் தூரில் குந்திக் காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவோம். தோட்டத்து மேஸ்திரி எங்களைச் ‘சேச்சி’ என்றுதான் கூப்பிடுவார். கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்புவோம்.

ஒரு மழை நாளில் இறங்கி வரும்போது, வளைவில் ஜீப் சறுக்கிச் சரிவில் கவிழ்ந்தது. எனக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்தது. மற்றவர்களுக்கும் நல்ல அடி. செத்துப்போனது அவள் மட்டும்தான். நான் ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக் கிடந்தபோதே அவளுடைய அண்ணன் வந்து உடலையும் பிள்ளையையும் தன் ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். கடைசியாக முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

எலும்பு கூடிய பிறகு, துக்கம் கேட்கப் போக வேண்டுமென்று கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் வண்டி உறுமத் தொடங்கியதும் என் கை கால் விறைத்துவிட்டது. என் வீட்டுக்காரர் என்னைக் கைத்தாங்கலாக இறக்கினார். பின்னும் சில தடவை முயன்று பார்த்தோம். ஒரு முறை தேனி ரோட்டில் பாதி வழியில் இறங்கி, வெயிலில் நடந்தே திரும்பினோம். அதோடு விட்டுவிட்டேன். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கடையில் ஏலக்காய் பொறுக்கித் தரம் பிரிக்கிற வேலை கிடைத்தது.

அவள் மகள் எப்போதாவது போனில் பேசும். “பெரியம்மா, நல்லாருக்கீகளா?” என்று கேட்கும். அது சடங்கானபோதும் சொல்லி அனுப்பினார்கள். போக முடியவில்லை. எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிடலாம். ஒன்றும் நினைக்க மாட்டார்கள். துக்கத்துக்குப் போகாவிட்டால் பகை என்று அர்த்தம். அவளுடைய அண்ணன் என்ன நினைத்திருப்பாரோ என்பது சோறு உண்ணும்போதுகூட நினைவுக்கு வரும்.

அகலப்பாதை போடுவதற்காகப் பழைய தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு, நெடுங்காலம் அந்த மேடு வெறுமனே கிடந்தது. ஆடுகள் மேய்ந்தன. பிறகு புதுத் தண்டவாளம் வந்தது. ரயிலும் வந்தது. ஊரே வேடிக்கை பார்க்கப் போனது. நான் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தேன். நின்றிருந்த பெட்டியில் ஏறி, உட்கார்ந்து, இறங்கி வந்தேன்.

“இது தண்டவாளத்த விட்டு எங்கிட்டும் போகாதுத்தா. வளைவுல ஒடிச்சுத் திருப்புற சோலியே இல்ல” என்றார் என் வீட்டுக்காரர்.

“மலை வழியாப் போகுதா?”

“ஆண்டிபட்டிக் கணவாய் ஒண்ணுதான். அதுலயும் ஏறி எறங்குறது தெரியாது.”

அடுத்த வாரம் ஒரு பூமாலையும் கொஞ்சம் பழமும் வாங்கிக்கொண்டு சாயங்கால வண்டியில் ஏறினோம். நான் ஜன்னல் ஓரம். அவர் என் பக்கத்தில். வண்டி நகர்ந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். ஜீப் மாதிரி அது இழுத்துக் குலுக்கவில்லை. திறந்தபோது தென்னந்தோப்புகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. மக்காச்சோளக் கொல்லை ஒன்றில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது.

எதிரில், குரங்கணிக்கு மலை ஏறிப் பார்க்க வந்துவிட்டு ஊர் திரும்பும் படித்த பெண் ஒருத்தி இருந்தாள். செல்போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி, பின்னால் தெரிந்த மலையை எடுத்துக்கொண்டே வந்தாள். வெயில் சாய்ந்து மலை முழுக்க நீலமாக இருந்தது.

“அம்மா, அந்த மலையில கோடு மாதிரி தெரியுதே, அது ரோடா?”

நான் திரும்பிப் பார்த்தேன். அத்தனை வருஷமும் போடித் தெருவில் தலை குனிந்து நடந்து பழகியிருந்தேன். மலையை அவ்வளவு முழுதாக ஏறிட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான்.

“ஆமாத்தா. போடிமெட்டுக்குப் போற ரோடு.”

“நீங்க போயிருக்கீங்களா?”

“தெனமும் போனோம்.”

“குடுத்து வச்சவங்க” என்றாள். அவள் மேல் எனக்கு வருத்தம் வரவில்லை. தூரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது அழகான மலைதான்.

தேனி தாண்டி, ஆண்டிபட்டியும் தாண்டிய பிறகு, வண்டி கணவாய்க்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் பாறை நெருங்கி வந்தது. வெளிச்சம் குறைந்தது. வண்டி லேசாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்புவது உடம்புக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இறங்கிவிட வேண்டும் என்று எழுந்தேன்.

“எங்க போற? உக்காரு” என்று என் வீட்டுக்காரர் தோளைப் பிடித்தார்.

அந்தப் பெண் செல்போனை சீட்டில் போட்டுவிட்டு என் காலடியில் குந்தினாள். என் இரண்டு பாதங்களையும் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஒருத்தி காலைத் தொடுகிறாளே என்ற கூச்சத்தில் கொஞ்சம் பயம் விலகியது. பாறை முடிந்து வெட்டவெளி வந்தபோதும் அவள் விடவில்லை. “இப்பப் பரவால்லயாம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்தாள்.

உசிலம்பட்டியில் இறங்கினோம். இருட்டியிருந்தது. வருவதை முன்பே போனில் சொல்லியிருந்ததால், செத்துப்போனவளின் அண்ணன் மோட்டார் சைக்கிளோடு வெளியே நின்றார். தலை நரைத்திருந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

“வா தாயி. பிள்ள சொல்லுச்சு, நீ வண்டியில ஏற மாட்டேன்னு. பக்கம்தான், நடந்துருவம்” என்றார். வண்டியைக் கிளப்பாமல், வீடு வரை தள்ளிக்கொண்டே எங்களோடு நடந்தார். பகை என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை என்பது எனக்கு அந்த வழியிலேயே விளங்கிவிட்டது.

வாசலில் மகள் நின்றது. தாயின் உயரத்தைத் தாண்டிவிட்டது. அதைக் கட்டிப்பிடித்ததும்தான் இத்தனை வருஷத்து அழுகையும் வந்தது. அண்ணன் பெண்சாதியும் எங்களோடு சேர்ந்து அழுதார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். பழைய துக்கம் என்று தெரிந்ததும், அவர்களும் உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டுப் போனார்கள். நான் கொண்டுபோன மாலையை அவள் படத்துக்குப் போட்டேன்.

சாப்பிட்ட பிறகு மகள் என் அருகில் வந்து உட்கார்ந்தது.

“பெரியம்மா, அம்மா கடைசியா என்ன பேசிக்கிட்டு வந்துச்சு?”

அது கேட்கும் என்று தெரியும். பெரிதாக ஏதாவது சொல்லலாமா என்று போடியிலேயே யோசித்துப் பார்த்திருக்கிறேன். உன் பேரைச் சொன்னாள், உன்னைப் படிக்க வைக்கணும் என்றாள் என்று சொல்லியிருக்கலாம். அதன் முகத்தைப் பார்த்ததும் பொய் சொல்ல வரவில்லை.

“வீட்ல புளி தீந்துபோச்சு, எறங்குனதும் ஒரு உருண்டை குடுன்னு கேட்டாத்தா. வா தர்றேன்னேன். அவ்வளவுதான்.”

பிள்ளை என்னையே பார்த்தது. பிறகு சிரித்தது.

“எங்க வீட்ல என்னைக்குப் புளி இருந்துச்சு? ஒங்க வீட்டுக்குக் கிண்ணத்தோட ஓடி வர்றது நாந்தான பெரியம்மா.”

சிரித்துக்கொண்டே இருந்த பிள்ளை அப்படியே என் மடியில் கவிழ்ந்துவிட்டது. நான் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார்.

“வலிச்சிருக்குமா அதுக்கு?” என்று மடிக்குள்ளிருந்தே கேட்டது.

“எனக்குத் தெரியலத்தா. நான் கண்ணு முழிக்கிறப்ப அவ பேசல.”

அதுதான் உண்மை. அதையும் அது வாங்கிக்கொண்டது.

மறுநாள் காலை வண்டியில் திரும்பினோம். கணவாயில் மறுபடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இந்த முறை எழவில்லை. தேனி தாண்டியதும் எதிரே மலை வந்துகொண்டே இருந்தது. மேகம் பாதியை மூடியிருந்தது. தெரிந்த மட்டும் அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எந்த வளைவு என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை.

இப்போது பள்ளிக்கூடம் லீவு விட்டால் பிள்ளை ரயிலேறி எங்கள் வீட்டுக்கு வருகிறது. நாங்களும் போய்வருகிறோம். பஸ்ஸில் நான் இன்னும் ஏறவில்லை. ஏறு என்று என் வீட்டுக்காரரும் சொல்வதில்லை. ரயில் போகாத ஊரில் யாராவது செத்தால் அவர் மட்டும் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வருகிறார்.