கை ஏந்த முடியாமல் கேட்ட துஆ

பெட்டியைத் திறந்தேன். கத்தரிக்கோல் இருந்தது, டிஞ்சர் பாட்டில் இருந்தது, காய்ச்சல் மாத்திரை இருந்தது. பஞ்சும் இல்லை, கட்டுத்துணியும் இல்லை. என் மைத்துனன் காஜா பக்கத்தில் மண்ணில் கிடந்தான். அவன் வலது கையிலிருந்து ரத்தம் கொப்பளித்துக்கொண்டிருந்தது. 

சகோதரர்களே, சகோதரிகளே, அன்று அல்லாஹ் எனக்குச் செய்த உதவியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அழகாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எனக்குத் திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் வேலை. காஜா என் மனைவி ஜமீலாவின் தம்பி. கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கும் பண்டாரி. கல்யாணம் இல்லாத ஞாயிறு வந்தால் இரண்டு பேரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆத்தூர் அணைப் பக்கம் போய்விடுவோம். மரத்தடியில் கூடாரம் அடித்து, ஒரு பொழுது இருந்துவிட்டு வருவோம். முதலுதவிப் பெட்டி இல்லாமல் நான் தெருமுனைக்குக்கூடச் சைக்கிள் எடுக்க மாட்டேன். காஜாவுக்கு அது பெரிய கேலி. "மச்சான் ஆஸ்பத்திரியவே தூக்கிட்டு வாராரு" என்று ஊரெல்லாம் சொல்வான்.

போன டிசம்பரிலும் அப்படித்தான் போனோம். இரண்டு பேருக்குச் சின்ன தேக்சாவில் பிரியாணி போட்டான். ஆவி போகாமல் தம் போடும்போது மூடியைச் சுற்றி மைதா மாவு பூசி அடைப்பது அவன் வழக்கம். அன்று மாவை வீட்டிலேயே மறந்துவிட்டான். நான் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யப் போய்விட்டுத் திரும்பியபோது தேக்சா தம்மில் இருந்தது. மூடியைச் சுற்றி ஏதோ ஈரத்துணி. என்ன துணி என்று நான் கேட்கவில்லை.

தம் இறங்குவதற்குள் கொஞ்சம் விறகு பொறுக்கி வருகிறேன் என்று சைக்கிளில் கரைச் சரிவில் இறங்கினான். பிரேக் பிடிக்கவில்லை. கீழே இருந்த தோட்டத்து வேலியில் போய் மோதினான். அதில் கட்டியிருந்த பழைய தகரம் முழங்கைக்கு மேலே, உள்பக்கத்தைக் கிழித்துவிட்டது. ஓடிப்போய் அவனைத் தாங்கி மரத்தடிக்குக் கொண்டுவந்துதான் பெட்டியைத் திறந்தேன்.

"பஞ்சு எங்க மாப்ள? கட்டுத்துணி எங்க?"

"தம்முக்குச் சுத்திட்டேன் மச்சான். திட்டாதீங்க" என்றான். உதடு வெளுத்திருந்தது.

தேக்சாவைப் பார்த்தேன். பஞ்சும் துணியும் மசாலா ஏறி, மூடியைச் சுற்றி ஆவி விட்டுக்கொண்டிருந்தன. அவன்மேல் அப்படியொரு கோபம் வந்தது. உடனே அதைவிடப் பெரிய பயம் வந்தது. "மஞ்சத்தூளாவது வச்சு அமுக்குங்க" என்றான். "சும்மா கெட" என்று அதட்டிவிட்டு, மதியத்து லுஹர் தொழுகைக்காக விரித்திருந்த துண்டை உருவி மடித்து, காயத்தின்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினேன்.

செல்போனில் டவர் இல்லை. விட்டுவிட்டு ஓடினால் திரும்பி வரும்போது ஆள் இருக்க மாட்டான். கரையில் ஈ காக்கை இல்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. துஆ கேட்கக் கை ஏந்தக்கூட முடியவில்லை. ரத்தத்தில் வைத்த கையோடு அழுதேன். "யா அல்லாஹ், இவன் உயிரை மட்டும் விட்டுவை. வேறு எதுவும் கேட்க மாட்டேன்." இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

காஜா பேச்சை நிறுத்திவிட்டான். அப்போது கரைமேல் தக்காளி ஏற்றிய ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. மார்க்கெட்டுக்குப் போகும் வண்டி எதுவும் அந்தப் பக்கம் வராது. எஞ்சின் சூடேறிப்போய், அணையில் தண்ணீர் மொள்ள வந்திருந்தார் ஒரு விவசாயி. எங்களைப் பார்த்ததும் குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"அய்யய்யோ, என்னண்ணே இம்புட்டு ரத்தம்? கைய எடுத்துராதீங்க. செத்த நேரம், இந்தா வாரேன்!"

தக்காளிப் பெட்டிகளை அப்படியே கரையில் தள்ளி இடம் செய்தார். சிதறியதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த எஞ்சினைச் சூடாக்கியவன் அல்லாஹ்தான் என்று நான் நம்புகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

ஆஸ்பத்திரி வாசல்வரை நான் கையை எடுக்கவில்லை. இன்னும் தாமதமாகியிருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றார் டாக்டர். நரம்பு அறுந்துவிட்டது, கை பழையபடி வருவது கஷ்டம் என்றும் சொன்னார். தகவல் கேட்டு ஓடிவந்த ஜமீலா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

காஜா பிழைத்தான். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அவன் வலது கை விரல்கள் கரண்டியைப் பிடிப்பதில்லை. வரிசையாக அடுப்பு மூட்டி ஆக்கியவன், இப்போது நாற்காலியில் உட்கார்ந்து உப்புப் பார்த்துச் சொல்கிறான். பல நாள் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. கேட்டதுதான் கேட்டேன், கையையும் சேர்த்துக் கேட்டிருக்கக் கூடாதா? கொடுக்கிறவனுக்கு அது ஒரு பாரமா? ஒருநாள் தாங்க முடியாமல் அவனிடமே சொல்லி அழுதேன்.

"நீங்க உசுரக் கேட்டீங்க, குடுத்துட்டான். கைய நான் கேட்டுக்கிறேன். நீங்க ஏன் மச்சான் அழுகுறீங்க?" என்றான்.

முன்பெல்லாம் தொழுகை முடிந்த கையோடு எழுந்து மண்டிக்கு ஓடுவேன். துஆவுக்கு உட்கார மாட்டேன். இப்போது அவன் பக்கத்தில் உட்காருகிறேன். பயணம் போகிறவர்களே, முதலுதவிப் பெட்டியை வீட்டில் மட்டுமல்ல, போய் இறங்கிய இடத்திலும் ஒருமுறை திறந்து பாருங்கள். படைத்த ரப்பிடம் கேட்கும்போது கணக்குப் பார்க்காதீர்கள். நம்பிக் கேளுங்கள், நிறையக் கேளுங்கள்.

காஜா தன் வலது கையை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு துஆ கேட்கிறான். விரல்கள் இன்னும் மடங்கவில்லை. அவனும் கேட்பதை நிறுத்தவில்லை. அவனுக்காக நீங்களும் ஒரு ஆமீன் சொல்லுங்கள்.