விளக்கை அவரிடம் விட்ட மாலை

போன வருடம் மழை தொடங்கிய சமயம், என் வீட்டுக்காரர் பேசுவதை நிறுத்திவிட்டார். வடக்கே நாங்கள் பிழைக்க வந்த இடத்தில், ரஞ்சன்காவில் அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், பக்கத்து மெஷினில் நின்ற சந்தோஷ் உள்ளே இழுபட்டு இறந்துபோனான். இவர் கண்ணெதிரே. மதியம் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவர்கள். கையைப் பிடித்து இழுத்தும் முடியவில்லையாம்.

அதற்கப்புறம் இவருக்குச் சோறு இறங்கவில்லை. விஷ்ராந்த்வாடியில் எங்கள் வீடு நாலாவது மாடி. பொழுதன்னைக்கும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் தானாகச் சொன்னார், "அவனுக்குப் பதிலா நான் போயிருக்கோணும் கௌசி." அன்றைக்கே பால்கனிக் கதவைப் பூட்டி, சாவியை ஊக்கில் கோத்துத் தாலிக்கொடியில் மாட்டிக்கொண்டேன்.

டாக்டரிடம் காட்டினோம், மாத்திரை கொடுத்தார். கோயமுத்தூரிலிருந்து என் அக்கா போனில், "தியானம் பண்ணச் சொல்லு கண்ணு, எல்லாஞ் சரியாப் போயிரும்" என்றாள். முருகன் படத்துக்கு முன்னால் அவரை உட்காரவைத்து, "கண்ண மூடுங்க, மூடுங்க" என்று பாடாய்ப் படுத்தினேன். மூடினார். மூடினதும் அலறினார் பாருங்கள், ஐயோ! கண்ணை மூடினால் அவருக்குத் தெரிவது சந்தோஷ்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

டாக்டருக்குக் கோபம். "அவரைக் கட்டாயப்படுத்தாதீங்க. நீங்க தினம் கொஞ்ச நேரம் உட்காருங்க, இல்லாட்டி நீங்களும் படுத்துருவீங்க" என்று இந்தியில் சொன்னார்.

உட்கார்ந்தேன். எங்கே மூடுவது? இமை இறங்கினதும் பால்கனி ஞாபகம் வரும். பதறிப்போய்த் திறந்து, அவர் இருக்கிறாரா என்று பார்ப்பேன். எத்தனையோ நாள் இதே கதைதான். ஒரு சாயங்காலம் முருகனிடமே சண்டைக்குப் போனேன். "மலைமேல நின்னுக்கிட்டு வேடிக்கையா பாக்கறே? நான் கண்ண மூடற நேரமாச்சும் அவரை நீ புடிச்சுக்க மாட்டியா?" அழுது தீர்த்தேன்.

அப்போது சமையலறை ஜன்னலைத் தள்ளிக்கொண்டு மழைக்காற்று அடித்தது. அகல் விளக்கு படபடத்தது. சாமிக்கு ஏற்றின விளக்கு காற்றில் அணைந்தால் எங்களுக்கு மனசு ஆறாது. யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. "ஏனுங்க, இதை அணையாமப் பாத்துக்குங்க."

எழுந்து வந்தார். விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அதுதான் சமயம் என்று கண்ணை மூடினேன். மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரிந்தது. பால்கனி வந்தது, போயிற்று. நான் கண்ணைத் திறக்கவில்லை.

திறந்தபோது, இரண்டு கையாலும் விளக்கை மறைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. "அணைய விடல கௌசி" என்றார். அப்புறம் வாய்விட்டு அழுதார். சந்தோஷ் செத்ததிலிருந்து அவர் அழுததே இல்லை. என் முருகன் அவரைப் பிடித்துக்கொண்டான். வேறு எப்படிச் சொல்ல?

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மாத்திரை ஓடுகிறது. மெஷின் பக்கம் அவர் போவதில்லை, அதே தொழிற்சாலையில் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோரில் உட்காருகிறார். சில நாள் சாப்பாட்டை அப்படியே வைத்துவிடுவார். சாவி இன்னும் என் தாலிக்கொடியில்தான் தொங்குகிறது. ஆனால் சாப்பிடுகிற நாளும் இருக்கிறது. உயிரோடு என் பக்கத்தில் இருக்கிறார். அதற்கே நான் முருகன் காலில் விழுந்து கிடக்க வேண்டும்.

மனசு அடங்கினால்தான் தியானம் என்று காத்திருக்காதீர்கள். நான் நடுங்கிக்கொண்டேதான் ஆரம்பித்தேன். திட்டத் தோன்றினால் திட்டுங்கள், அவன் கேட்டுக்கொள்வான். உட்கார மட்டும் உட்காருங்கள்.

இதோ, இப்போதும் விளக்கேற்றிவிட்டுக் கூப்பிடுகிறார்.

"கௌசி, வா. நீ கண்ண மூடிக்க. நான் பாத்துக்கறேன்."