ஆயிலுக்குக் காவல் போன கதை

போன செவ்வாய்க்கிழமை நான் ஒற்றனாக ஒரு லாரியில் மலைக்குப் போய் வந்தேன்.

சிரிக்காதீர்கள். ஒற்றன் என்றால் வேஷம், ரகசியம் எல்லாம் உண்டு என்று நினைப்பீர்கள். எனக்குக் கிடைத்தது டிரைவருக்குப் பக்கத்தில் ஒரு கிழிந்த சீட்டும், பூதப்பாண்டியில் ஒரு கிளாஸ் சுக்குக் காப்பியும்தான்.

லாரி என் அத்தான் ஆறுமுகம் பிள்ளையுடையது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து ஓய்ந்து, தூத்துக்குடியில் கப்பலிறங்கி, நாகர்கோவிலுக்கு வந்து சேர்ந்த கிழட்டு டீசல் வண்டி. ஊரெல்லாம் பெட்ரோலில் ஓட, தன் வண்டி மட்டும் குரூடாயில் என்கிற டீசலில் ஓடுகிறது என்று அத்தானுக்கு மகா பெருமை. கீரிப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டுக்கு அரிசி ஏற்றிப் போய், ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு இறங்கும். ஓட்டுகிறவன் சூசை. இனயத்துக்காரன். அப்பன், அண்ணன் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். இவன் ஒருவன்தான் மலைக்குப் போகிறவன்.

கொஞ்ச நாளாக அந்த வண்டியில் எஞ்சின் ஆயில் நிற்கவில்லை. காலையில் ஊற்றினால் சாயங்காலம் அளவுக் குச்சி காய்ந்து வருகிறது. எங்கே போகிறது? பின்னால் ஒழுகுகிறது என்றான் சூசை.

எஞ்சினின் பின்பக்கம், சுழலும் தண்டு வெளியே வருகிற இடத்தில், ஆயில் வழியாமல் தடுக்க ஒரு கம்பளி வளையம் உண்டு. ஆயில் சீல் என்று பெயர். அற்பச் சாமான். ஆனால் அதைத் தொட வேண்டுமானால் கியர் பாக்ஸை இறக்கி, கிளட்சைக் கழற்றி, ஃப்ளைவீல் என்கிற பெரிய சக்கரத்தையும் எடுத்தாக வேண்டும். மூக்குத்தித் திருகாணியை மாற்ற மூக்கையே கழற்றுகிற மாதிரி!

எங்கள் வீட்டுக்கு எதிரே ஷெட் வைத்திருக்கும் தாசையா மேஸ்திரி அதைச் செய்தார். பழைய வளையம் கன்னங்கரேலென்று பிய்ந்து கிடந்தது. புதுக் கம்பளியை அளந்து வெட்டி, ஆயிலில் ஊறப்போட்டு, பள்ளத்தில் தட்டித் தட்டி உட்காரவைத்தார். கழற்றியதையெல்லாம் மறுபடி பூட்டினார். நான் ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் மேற்பார்வை பார்த்தேன்.

வண்டி மலையேறி இறங்கியது. மறுபடி ஆயிலைக் காணோம்.

அத்தானுக்குப் பொறுக்கவில்லை. ஷெட்டுக்கு முன்னால், நடு ரோட்டில், சாயாக்கடை பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போதே கத்தினார். "சீல் புதுசு. பொறவு ஆயில் எங்கலே போச்சு? வழியில வித்துட்டா வாற? கள்ளப் பயலே!"

"ஒழுகுது மொதலாளி. ஏத்தத்துல போகும்போ ஒழுகுது" என்றான் சூசை.

நின்ற இடத்தில் குனிந்து பார்த்தால் இரண்டு சொட்டுத்தான் இருந்தது. "அது பழைய ஈரமாக்கும்" என்றார் மேஸ்திரி. தான் போட்ட சீலைத் தானே குறை சொல்வாரா?

இந்த ஊரில் லாரி முதலாளிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கள்ளன் என்று ஒருவர் விரட்டிய டிரைவருக்கு இன்னொருவர் வண்டி கொடுப்பாரா? மாட்டார். சூசைக்கும் அது தெரியும். இன்னும் ஒரு நடை பார்ப்பது, ஆயில் குறைந்தால் அவனை அனுப்பிவிடுவது என்று அத்தான் முடிவு செய்தார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வே, நீரு சும்மாத்தான இருக்கீரு? ஒரு நடை அவன்கூடப் போயிட்டு வாரும். எங்க நிறுத்துகான், ஆருகிட்ட பேசுகான், எல்லாம் பாரும்."

எழுதுகிறவன் என்றால் சும்மா இருக்கிறவன். எங்கள் குடும்பத்தில் இது என்றைக்கோ தீர்ப்பாகிவிட்ட விஷயம்.

கிளம்பினோம். சூசை வழியில் எங்கும் நிறுத்தவில்லை, பூதப்பாண்டிக் காப்பியைத் தவிர. தடிக்காரன்கோணம் தாண்டி ஏற்றம் தொடங்கியது. எஞ்சின் அலறுகிறது... வண்டி நகரவில்லை! கிளட்சில் ஆயில் இறங்கி வழுக்குகிறது என்றான் சூசை. சக்கரத்துக்குக் கல் வைத்தான். என் பக்கம் வந்து கதவைத் திறந்தான்.

"இறங்கிப் பாருங்க அண்ணாச்சி. காவலுக்குத்தான வந்திய? நல்லாப் பாருங்க."

நான் அவனிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. இறங்கிக் குனிந்து பார்த்தேன். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவிலிருந்து ஆயில் நூலாக இறங்கி மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆக, சூசை கள்ளன் இல்லை. உள்ளபடியே எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் புது சீல் இருக்க, ஆயில் எப்படி வழிகிறது?

சூசை பானெட்டைத் தூக்கி, ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தான். புஸ்ஸென்று காற்றும் புகையும் முகத்தில் அடித்தன. "உள்ள காத்து அடைஞ்சு கெடக்கு" என்றான். பிறகு எஞ்சின் மேலிருந்த ஒரு வளைந்த குழாயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"என்ன சூசை?"

"நீங்கதான் எடுக்கணும் அண்ணாச்சி. பூசை வச்சதாக்கும். நான் தொட்டா மொதலாளி அதுக்கும் சண்டைக்கு வரும்."

குழாயின் வாயில் ஒரு செவ்வந்திப் பூ கருகி ஒட்டியிருந்தது.

சரஸ்வதி பூஜையன்று அத்தான் வண்டிக்குப் பூஜை போட்டார். தோவாளையிலிருந்து கூடை நிறையப் பூ. எஞ்சினுக்கும் ஒரு பூ வைக்க ஆசை. எங்கே வைப்பது? இந்தக் குழாயின் வாய், பூ வைக்கவென்றே செய்தது மாதிரி இருந்தது. வைத்த பூ விழுந்துகொண்டே இருந்ததால், சந்தனத்தைக் குழைத்து உள்ளே அப்பி அதில் குத்தினார். நானும் பக்கத்தில் நின்று சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். "பொருத்தமா இருக்கு அத்தான்" என்று சொன்னதும் நான்தான்.

அந்தக் குழாய்க்குப் பிரீதர் என்று பெயராம். எஞ்சின் மூச்சு விடுகிற வழி. சூட்டில் சந்தனம் செங்கல்லாகிவிட்டது. மேல் வழியாக விட முடியாத மூச்சு, பின்னால் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலோடு போயிருக்கிறது. கம்பளி என்ன செய்யும், பாவம்?

"ஷெட்டுல இத்தனை நாள் கெடந்துதே, ஒருத்தரும் பாக்கலியா?"

"பூவுதான் இருக்குன்னு நெனச்சோம். உள்ள அடைச்சிருக்கும்னு ஆரு கண்டா? மேஸ்திரி அதச் சுத்தித்தான் தொடச்சாரு. அடுத்தவங்க சாமி காரியம், நமக்கு எதுக்கு மக்கான்னுட்டாரு."

மேஸ்திரி ஒரு கிறிஸ்தவ சபை, சூசை இன்னொரு சபை. இருவருமே பிள்ளைவாளின் சாமிக்கு மரியாதை கொடுத்து விலகி நின்றிருக்கிறார்கள். மரியாதை முற்றினால் ஒருவரும் ஒன்றையும் தொடுவதில்லை... வீடுகளிலும் இப்படித்தானே எத்தனையோ விஷயம் அடைத்துக்கொண்டு கிடக்கிறது?

ஒரு குச்சியை ஒடித்து நான்தான் குடைந்தெடுத்தேன். கிளட்ச் கொஞ்சம் ஆறியதும் வண்டி மெல்ல ஏறியது. எஸ்டேட்டில் குனிந்து பார்த்தேன். ஒழுக்கு நின்றிருந்தது.

சாயங்காலம் சந்தனக் கட்டியை அத்தானிடம் நீட்டி நடந்ததைச் சொன்னேன். அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சூசையை ஷெட்டுக்குப் பின்னால் அழைத்துப்போய், காதோடு சொன்னார்: "சரி, போட்டும். நாளைக்கு வண்டிய எடு."

எஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற இரும்புக் கைப்பிடி சூசையின் கையில் இருந்தது. அதைத் தரையில் வைத்தான்.

"கள்ளன்னு சொன்னது ரோட்டுல நிண்ணு. இல்லன்னு சொல்லுகதும் ரோட்டுல நிண்ணு சொல்லுங்க மொதலாளி."

பழி போடும்போது நமக்கெல்லாம் என்ன அருமையான குரல்! அதைத் திரும்பப் பெறும்போது மட்டும் தொண்டை கட்டிக்கொள்கிறது.

அத்தான் கொஞ்சநேரம் மேல்துண்டை மடித்தார், பிரித்தார். கடைசியில் விறுவிறுவென்று ரோட்டுக்குப் போனார். "எல்லாரும் கேட்டுக்கிடுங்க! சூசை ஆயில களவாங்கல்ல!"

சாயாக்கடை பெஞ்சில் இப்போது இருந்தவர்கள் வேறு ஆட்கள். முந்தின சண்டையே அவர்களுக்குத் தெரியாது. ஒருவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அக்கறையாகக் கேட்டார்.

"பொறவு ஆரு களவாண்டா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"நாந்தாம்வே!"

அத்தான் போட்ட சத்தம் வடசேரிச் சந்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

சூசை குனிந்து கைப்பிடியை எடுத்துக்கொண்டான்.